புளியங்கொட்டை போக்கர்

போக்கர் ஆடக் கற்றுக்கொண்டேன்.

சரியாகத்தான் படித்தீர்கள். சீட்டுக்கட்டை வைத்து ஆடுகிற அதே போக்கர்தான். போன வாரம் இதே இடத்தில் முருங்கைக்கீரை உருவுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய அதே ஆள்தான் நானும்.

எங்கள் குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் அதிர்ச்சியாக இருக்கும். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த வீடு எங்களுடையது. சின்ன வயதில் பரமபதம் ஆடவே நைனாவிடம் கெஞ்ச வேண்டும். தாயக்கட்டை உருளுகிற சத்தம் கேட்டாலே அவர் முகம் மாறிவிடும். சீட்டா? அது எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது.

அப்படிப்பட்ட குடும்பத்தில், சபையில் மூப்பராக இருக்கும் என் அண்ணன் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், போர்வை விரித்து உட்கார்ந்து ‘ரெய்ஸ்’, ‘ஃபோல்டு’ என்று கத்திக்கொண்டிருந்தோம் என்றால்... எப்படி? அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எஸ்தர் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணி திருப்பதியில் கணக்கு டீச்சர். நின்று பேசினால் தெருமுனை வரை கேட்கும் குரல். எதையும் மறைக்கத் தெரியாத முகம். குழம்பில் உப்பு கம்மி என்றால் வாய் சொல்வதற்கு முன்னால் புருவம் சொல்லிவிடும். நான் ஆசையாக ஒரு புடவை வாங்கிக்கொண்டு போவேன். பிரிக்கும்போதே அவர் உதட்டைப் பார்த்துவிட்டு, “சரி அண்ணி, கடையில மாத்திக்கலாம்” என்று நானே சொல்லிவிடுவேன். அப்படி ஒரு முகம்.

இந்த வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு காலையில் வாய் கொப்பளிக்கப் போனார் அண்ணி. தண்ணீர் வாயில் நிற்கவில்லை. இடது ஓரமாக வழிந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால், முகத்தில் பாதி அசையவில்லை. இடது கண் மூட மறுத்தது. உதடு வலது பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

அண்ணன் பதறிப்போய் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பட்சவாதம் என்றே நினைத்துவிட்டார். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், படம் எடுத்துப் பார்த்தார். “பயப்படாதீங்க. மூளையில ஒண்ணும் இல்ல. முகத்துக்குப் போற நரம்பு ஒண்ணு வீங்கியிருக்கு. பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிடும். எப்போன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க” என்று மாத்திரை, கண்ணுக்கு மருந்து, முகத்துக்குப் பயிற்சி எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

அண்ணி மாத்திரை சாப்பிட்டார். மருந்து விட்டுக்கொண்டார். ஆனால் வெளியே வருவதை நிறுத்திவிட்டார்.

பள்ளிக்கு நீண்ட லீவு. சர்ச்சுக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் கேட் வழியாகப் பார்த்துவிட்டு, “அய்யோ டீச்சர்காரு, ஏமயிந்தி!” என்று, ‘என்ன ஆச்சு’ என்பதைத் தெலுங்கில் கேட்டு, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து கேட்டுக்குக் கூடப் போவதில்லை. சாப்பாடு தனியாக, அறைக்குள்ளே. யாராவது வந்தால் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்வார். பேச்சும் குறைந்துபோனது. ‘ப’, ‘ம’ எல்லாம் உதடு ஒட்டினால்தானே வரும்? அண்ணிக்கு ஒட்டவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு உரக்கப் பாடம் சொன்னவர், ‘பத்து’ என்ற சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் மகள் ப்ரிசிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஜோயல் சித்தூர்க்காரன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளையை ‘ர்’ போட்டுத்தான் எழுத வேண்டும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு ‘ன்’தான் வருகிறது, மன்னியுங்கள். சித்தூர் சர்ச்சில் தேதி குறித்தாகிவிட்டது. அண்ணி மட்டும் பிடிவாதமாக நின்றார்.

“சர்ச்சுக்கு வர்றேன். கடைசி பெஞ்சில ஒக்காந்துக்கிறேன். மேடைக்கு மட்டும் என்னைக் கூப்புடாதீங்க. போட்டோவும் வேணாம்.”

ப்ரிசி அழுதாள். பிறகு கோபப்பட்டாள். “எங்கம்மா பக்கத்துல நிக்காம எனக்கு மோதிரமே வேணாம். எல்லாத்தயும் தள்ளி வெச்சிடுங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா ஓர் அறையில், பெண் ஓர் அறையில். நடுக்கூடத்தில் அண்ணன்.

சித்தூரில் இருந்த எனக்கு அண்ணனிடமிருந்து போன். “சரோ, நீ வந்து உங்கண்ணிகிட்ட பேசிப் பாரு. என்னால ஆவல.”

போனேன். பேசினேன். என்ன பேசியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். “முகத்துல இன்னா அண்ணி இருக்குது... மனசுதான முக்கியம்...” — இப்படி ஏதோ. அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை.

நான் போன அதே சனிக்கிழமை ஜோயலும் வந்திருந்தான். தேதியைத் தள்ளிப்போடுவதா வேண்டாமா என்று ப்ரிசியிடம் நேரில் பேச வந்தவன். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நின்றான், முழங்கால் வரை சேற்றோடு.

“வடமாலபேட்டைகிட்ட ரோட்டு மேல தண்ணி போய்க்கினு இருக்குது அங்கிள். பஸ்ஸ திருப்பிட்டாங்க.”

அவன் கால் கழுவிவிட்டு வருவதற்குள் கரண்டும் போனது.

யோசித்துப் பாருங்கள். வெளியே பேய்மழை. டிவி இல்லை. போனில் சார்ஜ் இல்லை. கல்யாணம் நடக்குமா என்று தெரியாத மாப்பிள்ளை, அழுது வீங்கிய கண்ணோடு பெண், வாய் திறக்காத அப்பா, சும்மா இருக்கத் தெரியாத அத்தை. எத்தனை நேரம் மழையையே பார்ப்பது?

ஜோயல் மெதுவாகத் தன் பையைத் திறந்து சீட்டுக்கட்டை எடுத்து வைத்தான்.

“போக்கர் ஆடலாமா ஆன்ட்டி? ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ்கூட ஆடுவோம். காசு கெடையாது, சும்மா டைம்பாஸ்.”

அண்ணன் நிமிர்ந்தார். “இந்த வீட்ல சீட்டா?”

குரல் உயரவில்லை. ஆனால் எங்கள் நைனாவே வந்து நின்றது போல இருந்தது. ஜோயல் சட்டென்று கட்டை எடுத்துப் பைக்குள் போடப் போனான்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“காசு வெச்சா சூது. புளியங்கொட்ட வெச்சா கணக்கு. ஆடட்டும் உடுங்க.”

அந்த ‘பு’ காற்றாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. மருமகனாகப் போகிறவன் காதுபட அண்ணி பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். அண்ணன் வாயை மூடிக்கொண்டார். ப்ரிசி ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்து கொட்டினாள். நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. இருந்திருந்தால் அண்ணியே சொன்னாலும் அண்ணன் விட்டிருக்க மாட்டார்.

ஜோயல் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

“ஆளுக்கு ரெண்டு சீட்டு. கவுத்து வெச்சிக்கணும். யாருக்கும் காட்டக்கூடாது. நடுவுல அஞ்சு சீட்டு வரும் — அது எல்லாருக்கும் பொது. ஒங்க ரெண்டு, நடுவுல அஞ்சு, ஆக மொத்தம் ஏழு. அதுல நல்ல அஞ்ச வெச்சிப் பாப்போம். யாரோட அஞ்சு பெரிசோ அவங்க ஜெயிச்சாங்க.”

அவ்வளவுதானா?

அவ்வளவுதான். ஆனால் நடுவிலிருக்கும் ஐந்தும் ஒரேயடியாக வராது. முதலில் மூன்றைத் திறப்பார்கள். அதற்கு ஃப்ளாப் என்று பெயர். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்னும் பின்னும் புளியங்கொட்டையைப் பந்தயமாக வைக்க வேண்டும். அடுத்தவர் வைத்த அளவு வைத்தால் ‘கால்’. அதற்கு மேலே வைத்தால் ‘ரெய்ஸ்’. நமக்குத் தேறாது என்று தோன்றினால் சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கலாம், அது ‘ஃபோல்டு’. யாரும் எதுவும் வைக்காத வரை ஒன்றும் வைக்காமல் ‘செக்’ என்று தள்ளிவிடலாம். கடைசிவரை ஒருவர் மட்டும் மிஞ்சினால், அவர் சீட்டைக் காட்டவே வேண்டாம். எல்லாம் அவருக்கே.

இன்னொன்றும் சொன்னான். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர், சீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கொஞ்சம் வைத்துவிட வேண்டுமாம். அதற்குப் பெயரே ‘பிளைண்ட்’. நல்லது வருமா கெட்டது வருமா தெரியாது, ஆனால் வைத்தாக வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவானுக்கு வாழ்க்கையைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது!

எனக்கு முதல் ஆட்டத்திலேயே இரண்டு ராஜா வந்தன.

“ஐ! ரெண்டு ராஜா!” என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் சீட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது பிளைண்டாக வைத்திருந்த நாலைந்து கொட்டைகள். “அத்தை, சத்தம் போட்டா எவன் ஒங்கக்கூட ஆடுவான்?” என்று ப்ரிசி சிரித்தாள். அண்ணிக்கு இப்படி ஆன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து வரிசை. எது பெரிது, எது சிறிது? ஜோயல் சொல்லிக்கொண்டு போனான். ஒரே எண் இரண்டு வந்தால் ஜோடி. அதைவிட இரண்டு ஜோடி பெரிது. அதைவிட ஒரே எண் மூன்று. அதைவிட, ஐந்து ஆறு ஏழு எட்டு ஒன்பது என்று அடுத்தடுத்து ஐந்து சீட்டு வந்தால் ‘ஸ்ட்ரெய்ட்’. அதையும் விட, எண் எதுவானாலும் சரி, ஐந்தும் ஒரே ஜாதி — எல்லாம் இஸ்பேட், அல்லது எல்லாம் ஆர்ட்டின் — என்றால் ‘ஃப்ளஷ்’. அதற்கு மேல் மூன்றும் இரண்டுமாக ‘ஃபுல் ஹவுஸ்’...

“ஏன்?”

மறுபடி உள்ளறைக் குரல்.

“என்ன ஆன்ட்டி?”

“ஸ்ட்ரெய்ட்ட விட ஃப்ளஷ் ஏன் பெரிசு? அஞ்சும் ஒழுங்கா வரிசையில நிக்கறதுதான கஷ்டம்?”

ஜோயல் தலையைச் சொறிந்தான். “அது... ரூல்ஸே அப்டிதான் ஆன்ட்டி.”

“ரூல்ஸ்னா யாரோ காரணம் இல்லாம போட மாட்டான்.”

பிறகு கட்டில் முனகியது. அண்ணி வெளியே வந்தார்.

முந்தானை வாயை மூடியிருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, போர்வையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். இன்னொரு கை விரலால் போர்வையின் மேலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். ஸ்ட்ரெய்ட் எங்கிருந்து தொடங்கலாம்? ஏஸிலிருந்து பத்து வரை, பத்து இடம். ஒவ்வொரு சீட்டும் நான்கு ஜாதியில் எதுவாகவும் இருக்கலாம். ஐந்து முறை நாலைப் பெருக்கு. ஆயிரத்துச் சொச்சம். பத்தால் பெருக்கு. பத்தாயிரத்துச் சொச்சம் விதமாக ஸ்ட்ரெய்ட் வரும். ஃப்ளஷ்? ஒரு ஜாதியில் பதின்மூன்று சீட்டு, அதில் ஐந்தை எடுக்கும் வழி ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். நான்கு ஜாதி. ஐயாயிரத்துச் சொச்சம்தான்.

அண்ணி விரலை நிறுத்தினார்.

“பாதிதான் வருது. அபூர்வமா வர்றதுக்குத்தான் மரியாத. யாருக்கு எது புடிக்குதுன்னு பாத்து வெக்கல, எது எத்தன தரம் வரும்னு எண்ணி வெச்சிருக்கான்!”

அந்தக் கணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ராஜா, ராணி, வண்ணப்படம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு கட்டுக்குள் இவ்வளவு நேர்மை இருக்கிறது. எது அரிதோ அது உயர்ந்தது — அவ்வளவுதான் சட்டம். ஏதோ ஒரு கோயிலின் மேற்கூரையை அண்ணாந்து பார்ப்பது போல நான் அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோயல் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். “இவ்ளோ வருசமா ஆடறேன் ஆன்ட்டி, இத நான் யோசிச்சதே இல்ல.”

“எனக்கும் ரெண்டு சீட்டு போடுங்க தம்பி” என்றார் அண்ணி.

அண்ணன் சத்தமில்லாமல் எழுந்து வந்து எங்களோடு உட்கார்ந்தார். “எனக்கும்” என்றார். மூப்பர் வேலை அன்றைக்கு அரைநாள் லீவு!

ஆட்டம் சூடுபிடித்தது. அண்ணன் எந்தச் சீட்டு வந்தாலும் ‘செக்’ என்பார். யாராவது பந்தயம் வைத்தால் பயந்து கீழே போட்டுவிடுவார். ப்ரிசி எதையும் கீழே போட மாட்டாள், கடைசிவரை வந்து தோற்பாள். நான்? என் முகத்தைப் பார்த்தே எல்லோரும் என் சீட்டைச் சொல்லிவிட்டார்கள். என் கொட்டைகள் முதலில் காலியாயின. அண்ணிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அண்ணியின் முந்தானை கீழே விழுந்திருந்தது.

எப்போது விழுந்தது? தெரியாது. சீட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு கை வேண்டும், கொட்டையை எண்ணித் தள்ள இன்னொரு கை வேண்டும். வாயை மூடப் பிறகு கை எங்கே இருக்கிறது? அண்ணி அதை மறந்தே போயிருந்தார்.

ஜோயல் நல்ல ஆட்டக்காரன். “போக்கர்ல சீட்ட ஆடக்கூடாது ஆன்ட்டி, ஆள ஆடணும். எதிர்ல இருக்கறவங்க மூஞ்சிய பாத்துக்கினே இருக்கணும். அது சொல்லிடும்” என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதைத்தான் செய்தான். பந்தயம் வைத்துவிட்டு, அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தான். பக்கவாட்டில் இல்லை, நெற்றிக்கு மேலே இல்லை. நேராக. இழுத்திருந்த உதட்டை, மூடாத கண்ணை, அசையாத கன்னத்தை — எல்லாவற்றையும். பரிதாபமே இல்லாமல். ஆட்டக்காரன் ஆட்டக்காரியைப் பார்க்கிற மாதிரி.

அண்ணியும் அவனைப் பார்த்தார்.

கடைசியில் இருவர்தான் மிஞ்சினார்கள். மாமியாரும் மருமகனும்.

நடுவில் சீட்டுகள் திறந்தன. இஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, ஆர்ட்டின் ஆறு. ஜோயல் ஒரு பிடி கொட்டையைத் தள்ளினான். அண்ணி ‘கால்’ என்றார். அடுத்து கிளாவர் மூன்று. மறுபடி தள்ளினான். மறுபடி ‘கால்’. கடைசிச் சீட்டு — ஆர்ட்டின் ராணி.

நடுவில் மூன்று ஆர்ட்டின். கையில் இரண்டு ஆர்ட்டின் வைத்திருப்பவருக்கு ஃப்ளஷ்!

அண்ணி தன் சீட்டுகளை ஒருமுறை ஓரம் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் அணை மாதிரி வைத்து, தன்னிடமிருந்த புளியங்கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

“ஆல் இன்.”

ப்ரிசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோயல் முன்னால் குனிந்தான். அண்ணியின் முகத்தையே பார்த்தான். வலது புருவம், இடது புருவம், உதடு, கழுத்து. எங்காவது ஒரு துடிப்பு? ஒன்றுமில்லை. இடது கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. அது எப்போதும் நிற்பதுதான். அழுகையா, நரம்பா என்று யாராலும் சொல்ல முடியாது. மழை கூடக் கொஞ்சம் நின்று கேட்பது போல இருந்தது.

ஜோயல் பெருமூச்சு விட்டான். “என்கிட்ட ராஜாவும் ஒம்பதும் இருக்குது ஆன்ட்டி. ரெண்டு ஜோடி. ஆனா ஒங்ககிட்ட ஃப்ளஷ் இருக்குது. தெரியுது.” சீட்டைக் கீழே போட்டுவிட்டான்.

காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அண்ணி காட்டினார். நிதானமாக, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார்.

கிளாவர் ஏழு. இஸ்பேட் இரண்டு.

ஒன்றுமே இல்லை! ஃப்ளஷ் இல்லை, ஜோடி இல்லை. இந்த ஆட்டத்திலேயே கையில் வரக்கூடிய மிக மோசமான இரண்டு சீட்டுகள் அவைதானாம். பிறகு ஜோயல் சொன்னான்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அண்ணி சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் சத்தம் முழுதாக வந்தது. தெருமுனை வரை கேட்கிற அந்தப் பழைய சத்தம். ப்ரிசி “அம்மா!” என்று கத்திக்கொண்டு போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கொட்டைகள் கூடமெங்கும் சிதறின.

“எப்டி ஆன்ட்டி?” ஜோயலுக்கு நம்ப முடியவில்லை. “ஒண்ணுமே தெரியலயே ஒங்க மூஞ்சில!”

“பாதி மூஞ்சி தானாவே பேசாது தம்பி” என்றார் அண்ணி, மூச்சு வாங்க. “மீதிப் பாதிய நான் பேச உடல.”

சிரிப்பு அடங்கியது. பிறகு அவனைப் பார்த்துச் சொன்னார்:

“ஒண்ணு சொல்லட்டா? ஒடம்பு இப்டி ஆனதுலருந்து என் மூஞ்சிய நேரா பாத்த மொத ஆளு நீங்கதான். டாக்டர் நரம்ப பாத்தாரு. இவங்கெல்லாம் தரைய பாத்தாங்க, சொவுத்த பாத்தாங்க. நான் பாக்கவே முடியாத மாதிரி ஆயிட்டேன்னு நெனச்சிக்கினேன்.”

அண்ணன் எழுந்து சன்னல் பக்கம் போனார். மழை எவ்வளவு பெய்கிறது என்று பார்ப்பவர் போல, முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். சரி, அவர் முகத்தை அப்போது நாங்களும் பார்க்கவில்லை. அது வேறு.

நாங்கள் யாரும் கல் மனசுக்காரர்கள் இல்லை. பார்த்தால் அவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் பார்க்கவில்லை. அன்பினால்தான் கண்ணைத் திருப்பிக்கொண்டோம். எத்தனை வீடுகளில் இப்படி நடக்கிறது? உடம்பு முடியாதவரை, வேலை போனவரை, துக்கத்தில் இருப்பவரை — பாவம், சங்கடப்படுவாரே என்று நாம் பார்ப்பதே இல்லை. அவர் என்ன கணக்குப் போட்டுக்கொள்கிறார் என்று நமக்குத் தெரிவதும் இல்லை.

அன்று சாயங்காலம் கரண்டு வந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டோம். அண்ணிக்குக் கன்னத்தில் சாப்பாடு ஒதுங்கியது, விரலால் தள்ளிவிட்டுச் சாப்பிட்டார். “நல்லா துன்னுங்க தம்பி, காலைலதான் தண்ணி வடியும்” என்று ஜோயல் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். நிச்சயதார்த்தம் பற்றி யாரும் கேட்கவில்லை. தேதியைத் தள்ளிவைப்பது பற்றியும் யாரும் பேசவில்லை.

குறித்த நாளில், சித்தூரில், ஆலயமணி அடித்தது. அண்ணி மாம்பழக் கலர் பட்டுப் புடவையில் வந்தார். கடைசி பெஞ்சைத் தாண்டினார். நடு பெஞ்சையும் தாண்டினார். நேராகப் போய் மகள் பக்கத்தில் நின்றார். முகம் அப்போதும் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. உதடு இன்னும் கொஞ்சம் இழுத்துத்தான் இருந்தது. ஞானப்பாட்டு பாடும்போது ‘ம’ வருகிற இடமெல்லாம் சறுக்கியது. சறுக்கட்டும் என்று உரக்கப் பாடினார்.

போட்டோ எடுக்கும் நேரம். போட்டோகிராபர் நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: “மேடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. சைடு போஸ் ஒங்களுக்கு நல்லா இருக்கும்.”

அண்ணி திரும்பவில்லை.

“நேராவே எடுங்க தம்பி. பரவால்ல.”

நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன். பட்டுப் புடவை, பூ, பவுடர் எல்லாம் போட்டுக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிறேன். பக்கத்தில் அண்ணி. நான் அழகாகத்தான் இருக்கிறேன், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் யாரும் என்னைப் பார்ப்பதில்லை.

போன திங்கட்கிழமை அண்ணி பள்ளிக்குத் திரும்பிவிட்டார். முகம் முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதி வரும், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். முதல் நாள் எட்டாம் வகுப்பில் ஒரே நிசப்தமாம். பிள்ளைகள் எல்லாம் குனிந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அண்ணி டேபிளைத் தட்டினாராம்.

“எல்லாரும் தலய தூக்குங்க. என்னைப் பாருங்க. ஏமயிந்தின்னு கேளுங்க, சொல்றேன். அப்புறம் கணக்கு.”

பிள்ளைகள் கேட்டார்கள். சொன்னார். அப்புறம் கணக்கு.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் இருக்கலாம். அறைக்குள்ளே, சுவரைப் பார்த்துக்கொண்டு. இன்றைக்குப் போய் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தை நேராகப் பாருங்கள். அதற்குச் சீட்டுக்கட்டு வேண்டியதில்லை.

இருந்தால் இன்னும் நல்லது... புளியங்கொட்டை மட்டும் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்!